யூடியூப்பில் ஒரு சனல்: நாங்கள் கற்றுக்கொண்டவை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் பேசுவது நால்வர் சார்பில். 2000ஆம் ஆண்டு உயர்தரத்தில் உயிரியல் படித்து, ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். இருவர் வைத்தியர்களானோம். ஒருவர் விஞ்ஞான ஆசிரியை. இன்னொருவர் தாதியாகப் படித்து இப்போது வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். எங்கள் நால்வருக்கும் சொந்தமானது ஒரு சின்ன யூடியூப் சனல். எங்கள் கரையோரத் தமிழில் வருத்தங்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசுவது அதன் வேலை. அதை எப்படித் தொடங்கினீர்கள், எப்படி வளர்த்தீர்கள் என்று பேசச் சொன்னார்கள். தங்கச்சிமார் சிலர் நேற்றே எங்களைப் பிடித்து, “எத்தனை சப்ஸ்கிரைபர், மாதம் எவ்வளவு வருது?” என்று கேட்டுவிட்டார்கள். அதற்கும் பதில் உண்டு. அதற்கு முன் ஏன் தொடங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவர்களை மலடாக்கும் மருந்து என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்விக்கு அவர் தலையாட்டியதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டியில், திகனவில் தீ எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களையே நிறுத்திவைத்தது. பிற்பாடு அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அந்த உணவில் மலட்டு மருந்து எதுவும் இல்லை, அது மாவுப்பொருள் என்று. 2020இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் தளம் அந்த வன்செயலுக்கு உதவியதற்காக மன்னிப்புக் கேட்டது.

சோற்றிலோ கறியிலோ கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளுசை உலகில் இல்லை. இது எந்த வைத்தியருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். அன்றிரவு நாங்கள் என்ன செய்தோம்? வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, எங்கள் வட்ஸ்அப் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டோம். தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்கள் உலகத்துக்குப் பேசினார்கள். அந்த வெட்கம்தான் இந்தச் சனலின் விதை.

விதை முளைக்க இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனது. 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் கொவிட் பரவி, எங்கள் கரையோரம் தனிமைப்படுத்தப்பட்டது. அந்த வருடம் ஏப்ரலிலிருந்தே கொவிட்டால் மௌத்தாகும் எவரையும் எரிக்க வேண்டும் என்பது சட்டம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் சட்டம் மாறவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது தளர்ந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இடைப்பட்ட அந்த மாதங்களில் எங்கள் மக்கள் காய்ச்சலுக்குப் பயந்ததைவிட ஆஸ்பத்திரிக்குப் பயந்தார்கள். மூச்சு வாங்கினாலும் சொல்ல மாட்டார்கள். “மௌத்தானா எரிச்சிருவாங்க மகள், வீட்டிலயே கிடக்கிறன்” என்று சொன்ன மூத்தம்மாமார் எத்தனை பேர்.

அவர்களிடம் எப்படிப் போவது? ஒரு குரல் பதிவு செய்தோம். மூன்று நிமிடம். மூச்சு இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், எந்த நிலை வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது என்பதைச் சொன்னோம். குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். நிந்தவூரில் போட்டது பொத்துவிலுக்குப் போனது. மருதமுனையிலிருந்து ஒருவர் அழைத்து, இது உண்மையான டொக்டரா பேசுவது என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. வட்ஸ்அப்பில் சுற்றும் குரலுக்கு முகவரி இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், பிறகு திருத்தினாரா என்று தேட இடமில்லை. ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் சனல் திறந்தோம்.

திறப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு மின்னஞ்சல் கணக்கு போதும். காசு வேண்டாம். யூடியூப்பில் முதன்முதலில் ஏறிய வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் திகதி போடப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான, பங்களாதேஷ் தந்தைக்குப் பிறந்த ஜாவெத் கரீம் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன் நின்று, யானைக்குத் துதிக்கை நீளம் என்கிறார். 20 வினாடிகூட இல்லை. அவ்வளவுதான். ஆகவே நல்ல கமரா வரட்டும் என்று காத்திருக்கும் தங்கச்சிமார் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் தடை வேறு. முகம். “பொம்புளப் புள்ளைகள் ஊரெல்லாம் பாக்க முகத்தைக் காட்டிப் பேசுறதா?” என்று வீட்டிலும் கேட்டார்கள், வெளியிலும் கேட்டார்கள். எங்கள் நால்வருக்குள்ளும் ஒரே கருத்து இருக்கவில்லை. அப்போது எங்கள் ஆசிரியைத் தோழி சல்மான் கானை நினைவூட்டினார். நடிகரை அல்ல. அமெரிக்காவில் தூரத்திலிருந்த மச்சாள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, 2006இலிருந்து அந்தப் பாடங்களை யூடியூப்பில் போட்டு, கான் அகடமியை உண்டாக்கியவர். அந்தப் பாடங்களில் அவர் முகம் தெரியாது. கரும்பலகை போன்ற திரையில் கையெழுத்து ஓடும், குரல் கேட்கும். உலகமெங்கும் பிள்ளைகள் அந்தக் குரலிடம் கணக்குப் படித்தார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். வெள்ளைத் தாள், ஒரு பேனை, எங்கள் கை, எங்கள் குரல். பின்னர் எங்களில் இருவர் முகத்தோடு பேசத் தொடங்கினோம். மற்ற இருவர் இன்றுவரை குரல் மட்டும்தான். இரண்டுக்கும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளின் தாய்மாருக்காகச் சொல்கிறோம்.

முதல் வீடியோவை எங்கள் மொழி டீச்சருக்குப் போட்டுக் காட்டினோம். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். முழுதும் கேட்டுவிட்டு, “புள்ள, நீ படிச்சதச் சொல்லுறாய். கேக்கிற ஆளுக்குச் சொல்லல்லியே” என்றார். நாங்கள் நீரிழிவு என்றோம், எங்கள் உம்மாமார் சீனி வருத்தம் என்பார்கள். நாங்கள் மாத்திரை என்றோம், அவர்களுக்கு அது குளுசை. உயர் குருதி அமுக்கம் என்றோம், அது பிரஷர். அன்றிலிருந்து எழுதிய ஒவ்வொன்றையும் வீட்டிலுள்ள ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டி, விளங்காத சொல்லை வெட்டிய பிறகே பதிவு செய்தோம். எங்கள் சனலில் எது நல்லது என்று கேட்டால் பார்ப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: “நம்மட பேச்சில சொல்றீங்க.”

இனி, வளர்ச்சி.

எங்களைவிட ஆயிரம் மடங்கு வளர்ந்த ஒரு தமிழ்ச் சனலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற கிராமம். பெரியதம்பி என்ற முதியவர், சமையல் தெரிந்தவர். அவரும் பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் பெரிய பாத்திரம் வைத்துச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சனலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2018இல் தொடங்கினார்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களுக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதே காரணம். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அங்கு வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருடம் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சனல் அதுதான். கையோடு 10 இலட்சம் இந்திய ரூபாவைத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் கொவிட் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள்.

அவர்களிடம் என்ன இருந்தது? ஸ்டூடியோ இல்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள். அதே ஆட்கள், அதே வயல், அதே உரத்த அழைப்பு. இன்று சமையல், நாளை அரசியல், மறுநாள் சினிமா என்று தாவவில்லை. சமைத்ததை இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பார்ப்பவருக்கு இவர்கள் யார், நாளை வந்தால் என்ன கிடைக்கும் என்பது தெரியும். சனல் வளர்வது இந்தப் பழக்கத்தில்தான். நமது கடைத்தெருவில் எந்தக் கடைக்கு ஆள் போகிறது என்று பாருங்கள். அங்கும் இதே கணக்குத்தான்.

நாங்கள் கற்ற சில சின்ன விடயங்கள். பார்ப்பவர் மங்கலான படத்தைப் பொறுப்பார், தெளிவில்லாத சத்தத்தைப் பொறுக்கமாட்டார். ஆகவே முதல் செலவு சட்டையில் குத்தும் சின்ன மைக்குக்கு. காற்றாடியை நிறுத்திவிட்டு, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன் நின்று பேசினால் எதிரொலி குறையும். நமது கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். கிழக்கு ஜன்னலைப் பார்த்து இருந்தால் விளக்கு வேண்டாம். கிழமைக்கு ஒன்று என்று சொன்னால் கிழமைக்கு ஒன்று போட வேண்டும். ஒரு வீடியோவில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில். தலைப்பு, மக்கள் தேடும் சொல்லில் இருக்க வேண்டும்.

வருமானக் கணக்கு இது. 2018இலிருந்து யூடியூப்பின் விதி: 1,000 சந்தாதாரர், கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் மக்கள் பார்த்த நேரம். இரண்டும் சேர்ந்தால் விளம்பரத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். நீளமான வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 வீதம் நமக்கு, மிச்சம் அவர்களுக்கு. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு இரகசிய இலக்கத்தைக் கடிதத்தில் அனுப்புவார்கள். 100 டொலர் சேர்ந்த பிறகே பணம் வரும். எங்களுக்கு 1,000 பேர் சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்த நாளில் நால்வரும் பெருநாள் போலச் சந்தோஷப்பட்டோம். ஆனால் இலங்கையில் பார்க்கும் ஒருவரால் வரும் விளம்பரப் பணம், ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பார்க்கும் ஒருவரால் வருவதைவிட மிகக் குறைவு. எங்களுக்கு வருவது இணையக் கட்டணத்துக்கும் கொஞ்சம் மேலே. வைத்தியர் வேலையை விட்டுவிடுகிற அளவு இல்லை தங்கச்சி.

இப்போது சொல்வதற்குக் கஷ்டமான பகுதி.

யூடியூப் ஒரு வரைபடம் காட்டும். எந்த வினாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று. எங்களுடையதைப் பார்த்தால் முதல் அரை நிமிடத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். ஸலாம், அறிமுகம், நன்றி என்று நாங்கள் ஒரு நிமிடத்தைத் தின்றுகொண்டிருந்தோம். ஆகவே மாற்றினோம். முதல் வாக்கியத்திலேயே ஆளைப் பிடித்து நிறுத்துவது என்று. அப்படி எழுதிய ஒரு வீடியோ இப்படித் தொடங்கியது: “சீனி வருத்தத்துக்கு ஆயுள் முழுக்கக் குளுசை குடிக்க வேணுமா? எல்லாருக்கும் தேவையில்லை.” நான்காவது நிமிடத்தில் விளக்கம் வரும். உடல் எடையை நன்றாகக் குறைத்த சிலருக்கு, வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, மருந்தைக் குறைத்து நிறுத்த முடியும் என்று. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. எங்கள் சனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். யாரோ அதன் முதல் அரை நிமிடத்தை வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

சில மாதங்களின் பின் எங்களில் ஒருவரின் கிளினிக்குக்கு ஒரு தாய் வந்தார். ஊரைச் சொல்லவில்லை. அவரது அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். காலில் புண். சீனி மிக உயர்வு. ஏன் உம்மா குளுசை குடிக்கவில்லை என்று கேட்டபோது, கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்கதானே மகள் போன்ல சொன்னீங்க, எல்லாருக்கும் தேவல்லெண்டு.” குரலை அவர் அடையாளம் கண்டுவிட்டார். அவர் காலின் சிறுவிரலை எடுக்க வேண்டி வந்தது.

அன்றிரவு நால்வரும் தொலைபேசியில் பேசினோம். வெட்டி அனுப்பியவர் மீது பழி போடலாம். முழுதும் பார்க்காத அவர்மீது போடலாம். ஆனால் அரை நிமிடத்தில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். வரைபடத்தில் பார்த்தோம். தெரிந்துகொண்டுதான், போகப்போகிறவர் காதில் அந்த வாக்கியத்தைப் போட்டு அனுப்பினோம். அம்பாறையில் பொய்யைப் பரப்பியவர்களும் நாங்களும் ஒரே உபாயத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். ஆளை நிறுத்தி வைக்கும் வித்தை உண்மைக்கு வேறு, பொய்க்கு வேறு என்று இல்லை.

அந்த வீடியோவை எடுத்துவிட்டோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போட்டோம். முதலாவதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கினர்கூட இரண்டாவதைப் பார்க்கவில்லை. அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கை அம்பாறை வீடியோவைப் பிடிக்க ஓடிய கதைதான் எங்களுக்கும். திருத்தம் எப்போதும் பின்னால்தான் ஓடும். அதனால்தான் முன்னால் காவல் போட வேண்டியிருக்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட காவல்களைச் சொல்கிறோம். எழுதிக்கொள்ளும் தங்கச்சிமார் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் போனாலும் அவருக்குக் கெடுதி வரக்கூடாது. இப்போது சீனி வருத்த வீடியோ இப்படித் தொடங்குகிறது: “குளுசையை நீங்களாக நிறுத்தாதீங்க. ஏனெண்டு சொல்றம்.” இதற்கும் ஆட்கள் நிற்கிறார்கள். கொஞ்சம் குறைவாக.

இரண்டாவது, நால்வரில் பேசாத ஒருவர் கேட்டுச் சம்மதித்த பிறகே வெளியிடுவது. அவசரச் செய்தி என்றாலும் ஓர் இரவு வைத்துப் பார்ப்பது.

மூன்றாவது, நோயாளியின் கதை, படம், பரிசோதனை அறிக்கை எதுவும் அவர் சம்மதமில்லாமல் வராது. அரச சேவையில் இருப்பவர்கள் தாபனக் கோவையையும் மறக்கக் கூடாது. அலுவலகத் தகவலைச் சனலில் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நம்மிடம் வாருங்கள் என்று ஆள் பிடிப்பதும் வைத்தியருக்கு ஒழுக்கமில்லை.

நான்காவது, கொமெண்டில் யாருக்கும் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. “கிளினிக்குக்குப் போங்க, மருத்துவமாதுவிடம் கேளுங்க” என்பதே பதில். 2018 ஜூலையில் திருப்பூரில் படித்த இளம் தாய் ஒருவர், யூடியூப் பார்த்து வீட்டிலேயே குழந்தை பெற முயன்று, இரத்தப்போக்கால் இறந்தார். வீடியோ ஒரு வழிகாட்டிப் பலகை. அதுவே ஆஸ்பத்திரி ஆகாது.

ஐந்தாவது, பிழைவிட்டால் எங்கு விட்டோமோ அங்கேயே, அதே சத்தத்தில் திருத்துவது.

சகோதரிகளே, இத்தனையும் கேட்ட பிறகு, எதற்கு இந்த வில்லங்கம், பேசாமல் இருக்கலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. சனலை மூடிவிடுவோம் என்று இரண்டு பேர் சொன்னோம். மூடவிடாமல் செய்தது அந்தத் தாய்தான். புண்ணுக்கு மருந்து கட்ட வந்தபோது, “பிழையா விளங்கினது எனக்கு மட்டுமா மகள்? சரியாச் சொல்லி இன்னொண்டு போடுங்க, நான் எங்கட ஆக்களுக்குக் காட்டுறன்” என்றார். பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2018இல் பார்த்துவிட்டோம்.

இந்த நூற்றாண்டு மலரை உலகின் பல மூலைகளில் இருக்கும் பழைய மாணவிகள் வாசிப்பீர்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்று. வைத்தியம் மட்டும்தான் விடயம் என்றில்லை. மருதமுனைத் தறியில் பாவு ஓட்டத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். காணிச் சட்டம் தெரிந்தவர்கள், சாதாரண தரக் கணிதத்தைக் கண்ணீரில்லாமல் கற்பிக்கத் தெரிந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண் எந்தத் தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, நம்மட பேச்சில், ஐந்து நிமிடம் சொல்லுங்கள். முகம் வேண்டாமென்றால் கை போதும். தொடங்க வேண்டுமென்றால் எங்களிடம் பழைய மைக் இரண்டு இருக்கின்றன. பாடசாலை நூலகத்தில் வைத்துவிட்டுப் போகிறோம். சனிக்கிழமை காலைகளில் எங்களில் ஒருவர் வந்து பழக்குவோம். அதிபர் அவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

நூறு வருடங்களாக இந்தப் பாடசாலை பெண்பிள்ளைகளை வாய் திறந்து பேசப் பழக்கியிருக்கிறது. பிழையாக எழுதினால் சிவப்பு மையால் வெட்டி, திரும்ப எழுதச் சொல்லியும் பழக்கியிருக்கிறது. எங்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன.